கத்தரிக்கோல் சேர்த்த வரி

அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்தவர்கள் கவிஞர்கள். சும்மா வைக்கவில்லை, வயிறு எரிந்து வைத்தார்கள். ஒரு பக்கக் கவிதையோடு அவள் சமையலறைக்குள் போனவன் நாலே வரியோடு வெளியே வந்தால் வேறு என்ன பெயர் வைப்பான்? முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அது காதில் விழுந்து அவள் சிரித்துவிட்டதும், முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்தார்கள்.

பிழைக்க வந்த ஊரில் அவள் நடத்திய தமிழ்ப் பத்திரிகையின் பெயர் 'மிச்சம்'. அச்சகத்தில் வெட்டியது போக மிஞ்சுகிற தாளில் அடித்ததால் அந்தப் பெயர். அதில் கவிதை வரவேண்டும் என்றால் தபாலில் அனுப்பினால் போதாது. நேரில் வரவேண்டும். அவள் சமையலறையில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். திடீரென்று ஒரு சொல்லில் நிறுத்தி, "இது வேணுமா?" என்பாள். ஏன் வேண்டும் என்று எழுதியவர் காரணம் சொன்னால் அந்தச் சொல் பிழைக்கும். "கேக்க அழகா இருக்குல்லக்கா" என்று இழுத்தால் தீர்ந்தது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

டாக்சி ஓட்டுகிற கவிஞர் ஒருவருக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. "நீங்க வெட்டினதுல தலைப்பும் என் பேரும்தான் மிச்சம்" என்றார்.

"தலைப்பும் வேணாம்னுதான் எனக்குத் தோணுது" என்றாள் அவள்.

மனிதர் கோபித்துக்கொண்டு போனார். அடுத்த மாதமே வேறொரு கவிதையோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்டுப்பட்ட பிறகு கவிதை நிமிர்ந்து நிற்கிறது என்பது அவருக்கும் தெரியும். அச்சான பக்கங்களைச் சேர்த்துப் பின் அடிப்பது அவள் கணவரின் வேலை. பகலில் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படியில் நிற்பவர். கவிதை பற்றி அவரிடம் யார் அபிப்பிராயம் கேட்டாலும், "சின்னதா இருந்தா பின்னு கம்மியா ஆகுது" என்பார்.

இத்தனை கறாரான பேர்வழி எழுத்துலகத்துக்குள் நுழைந்தது வாசல் வழியாக அல்ல, குப்பைத்தொட்டி வழியாக. வந்த புதிதில் அவளுக்குக் கிடைத்தது அலுவலகம் துப்புரவு செய்கிற வேலை. விடிந்ததும் போய், ஆட்கள் வருவதற்கு முன் கூட்டித் துடைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அப்படிக் கூட்டிய இடங்களில் ஒன்று அந்த ஊரின் பெரிய இலக்கியப் பத்திரிகையின் அலுவலகம். சொந்த ஊரில் ஆசிரியையாக இருந்தவள், கவிதைப் புத்தகம் போட்டவள், இங்கே அடுத்தவர் மேஜைக்கு அடியில் குனிந்து தொட்டியைக் கவிழ்த்தாள். கவிழ்த்ததைப் படித்தாள். அந்த ஊர் மொழியை அவள் கற்றுக்கொண்டதில் பாதி, அந்தத் தொட்டியில் கிடந்த காகிதங்களில்தான். எந்த வரியைப் பத்திரிகை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்திருக்கிறார், ஏன் அடித்திருக்கிறார் என்று யோசித்துக்கொண்டே தரையைத் துடைப்பாள்.

கொஞ்சம் கைவந்ததும் அந்த மொழியிலேயே ஒரு கவிதை எழுதி, தபால்தலை ஒட்டி, அதே பத்திரிகைக்கு அனுப்பினாள். ஒரு காலையில் தொட்டியைக் கவிழ்த்தபோது அவள் கவிதை அவள் காலடியிலேயே வந்து விழுந்தது, கசங்கிச் சுருண்டு. வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காகிதத்தை நீவி, ஆசிரியர் மேஜை நடுவில் வைத்து, காகிதம் பறக்காமல் இருக்க அவர் வைக்கிற கண்ணாடிக் குண்டையே தூக்கி அதன்மேல் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அது மறுபடி தொட்டியில் கிடந்தது. மறுபடி நீவினாள். இந்த முறை அடியில் ஒரு வரி எழுதினாள்: 'உங்கள் குப்பையை எடுக்கிறவள்தான் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் போடவும்.'

அந்த ஆசிரியர் நல்ல மனிதர்தான். காலையில் சீக்கிரமே வந்து காத்திருந்தார், மன்னிப்புக் கேட்டார், உட்காரச் சொன்னார். கவிதை இன்னும் இந்த மொழியில் உட்காரவில்லை என்றார். உங்கள் மொழிக் கவிஞர்களை எங்கள் மொழியில் தர முடியுமா என்று கேட்டார். அப்படித்தான் அவள் மொழிபெயர்ப்பாளர் ஆனாள். மற்றவர்களின் கவிதைகளை அவள் மொழிபெயர்த்தால் வாய் பிளந்து பாராட்டினார்கள். தொகுப்புகள் வந்தன, ஒரு பரிசுகூட வந்தது. சொந்தக் கவிதையைக் கொடுத்தால் மட்டும் அதே பாட்டு: இன்னும் உட்காரவில்லை.

"உக்காராட்டிப் போகுது, நிக்கட்டும்" என்பாள் கணவரிடம். வாய்தான் அப்படிச் சொல்லும். அந்த மொழியில், அந்த ஊர்க்காரர்கள் நடுவில், தன் வரி ஒன்று விழுந்து அறையே ஒரு கணம் அடங்க வேண்டும் என்ற ஆசை உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆசைதான் பின்னால் அவளைக் குப்புறத் தள்ளியது.

துப்புரவு வேலை போய், ஒருவர் பேசுவதை அங்கேயே வாயால் மொழிபெயர்க்கிற உரைபெயர்ப்பு வேலை வந்தது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், விசாரணை மன்றம் என்று எங்கெல்லாம் தமிழ் பேசுகிறவர்கள் வாயடைத்து நிற்கிறார்களோ, அங்கெல்லாம் கழுத்தில் அனுமதிக் கார்டு தொங்க அவள் போய் நிற்பாள். அந்தத் தொழிலுக்குச் சில கறாரான விதிகள் உண்டு. சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். பேசுகிறவர் 'நான்' என்றால் உரைபெயர்ப்பவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். தன்னைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டி வந்தால் 'நான்' வரக் கூடாது, 'மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். கத்தரிக்கோலுக்கு இது ஒரு பெரிய விஷயமா? வருடக்கணக்கில் ஒரு புகார் கிடையாது.

அப்போதுதான் பேசாமடந்தையின் வழக்கு வந்தது.

பேசாமடந்தை என்பது கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டியவள். நாள் முழுக்கப் பக்கத்தில் நின்றாலும் அவளிடமிருந்து ரெண்டு பேச்சுத்தான் வரும். மெஷினில் அட்டை சிக்கிக்கொண்டபோது எடுக்கப் போய், வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அந்த மெஷினுக்கு ஓர் இரும்பு மூடி இருக்க வேண்டும். மூடி திறந்திருந்தால் மெஷின் நின்றுவிடும். அப்படி அடிக்கடி நின்றால் வேலை தாமதமாகிறது என்று யாரோ மூடியையே கழற்றிவிட்டிருந்தார்கள். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லி, விரல் போனவளை வேலையைவிட்டும் அனுப்பிவிட்டது.

தொழிலாளர் விசாரணை மன்றத்தின் தாழ்வாரத்தில், கூப்பிடுவதற்கு முன், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமடந்தை சொன்னாள்: "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்க்கா. தப்பு என் மேல இல்லன்னு அவங்க வாயால சொல்லணும். என் பையனும் அங்கதான் வேலை பாக்குறான். உங்கம்மா பராக்குப் பாத்துட்டுக் கைய விட்டாங்கடான்னு அவன்கிட்டயே சொல்றாங்க. அவனும் நம்ப ஆரம்பிச்சுட்டான்."

அவள் அவ்வளவு பேசி அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உள்ளே நீள மேஜை. ஒரு முனையில் நடுவர் அம்மாள், பேச்சைப் பதிவு செய்கிற கருவி, ஒரு பக்கம் கம்பெனியின் மேனேஜரும் வக்கீலும், பின் வரிசையில் சாட்சிக்கு வந்த கம்பெனி மெக்கானிக் ஒருவர். என்ன நடந்தது என்று நடுவர் கேட்டார். பேசாமடந்தை சொன்னாள்:

"அட்டை சிக்கிக்கிச்சு. எடுக்கக் கைய விட்டேன். மூடி இல்ல. மெஷின் கைய இழுத்துக்கிச்சு."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டாள். கத்தரிக்கோல் இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தாள். வரவில்லை. நடுவர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார், வக்கீல் சாய்ந்து உட்கார்ந்து மேல்கூரையைப் பார்த்தார். இத்தனை பெரிய கொடுமைக்கு இத்தனூண்டு பேச்சா என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. இப்படிச் சொன்னால் இவர்கள் காதில் ஏறவே ஏறாதே. அடுத்த கணம் அந்த ஊர் மொழியில் அவள் வாயிலிருந்து வந்தது இது:

"மூடியில்லாத அந்த இயந்திரம் பசியோடு காத்திருந்தது. அது என் கையைத் தின்னும் என்று தெரிந்தே நீட்டினேன். எங்களைப் போன்றவர்கள் தெரிந்தேதான் நீட்டுகிறோம்."

அறை அடங்கிவிட்டது. நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். மெக்கானிக் தலை குனிந்தார். எத்தனை வருட ஆசை! அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அரை நிமிடம்கூட இருக்கவில்லை. சாய்ந்து கிடந்த வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெரிந்தே நீட்டினேன்னு சொன்னீங்க. கை போகும்னு தெரிஞ்சுதான் விட்டிருக்கீங்க. நல்லது. இதைத்தான் நாங்களும் சொல்லிட்டு இருக்கோம்."

அந்தச் சொல் தன்னுடையது என்று கத்தரிக்கோலுக்கு உறைத்தது. ஆனாலும் வேலை வேலைதான். அதைத் தமிழில் சொல்லியாக வேண்டும். சொன்னாள்.

பேசாமடந்தை திகைத்துப்போனாள். "தெரிஞ்சா? தெரிஞ்சா எவளாவது கைய விடுவாளா? நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

அதையும் அந்த மொழியில் சொன்னாள். வக்கீலுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. சாட்சி இப்போது சொன்னதை இப்போதே மாற்றிப் பேசுகிறாள், இவள் பேச்சில் எதை நம்புவது என்று அடுக்கினார். நடுவரின் நெற்றி சுருங்கியது. சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்.

தாழ்வாரத்தில் கத்தரிக்கோல் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அவளை வேலைக்கு அனுப்புகிற மொழிபெயர்ப்பு அலுவலகத்து மேடம் வேறொரு வழக்குக்காக அதே கட்டடத்தில் இருந்தார். அவரைத் தேடிப் பிடித்து நடந்ததைச் சொன்னாள். மேடம் அவளை ஒரு காலி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"நீங்களா சேத்தீங்கன்னு வாயத் திறந்துடாதீங்க. சாட்சி பதட்டத்துல என்னென்னமோ பேசினாங்க, தெளிவா இல்லன்னு சொல்லிடுங்க. அதோட போயிடும்."

"அவங்க தெளிவாத்தான் பேசினாங்க."

"உண்மையச் சொன்னா கார்டு போயிடும். இந்த வயசுல மறுபடி துடைப்பம் தூக்கப் போறீங்களா?"

"துடைப்பம் எனக்குப் புதுசு இல்ல மேடம். அடுத்தவங்க தலையில பழியத் தூக்கி வைக்கிறதுதான் புதுசு. அது எனக்கு வேணாம்."

வீறாப்பாகப் பேசிவிட்டு வெளியே வந்தாள். கணவருக்குப் போன் போட்டாள். ரொட்டி மெஷின்கள் இரைகிற சத்தத்துக்கு நடுவில் அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"உன் சமையலறைக்கு வந்தவங்க எல்லாம் வெட்டுப்பட்டுட்டுத்தானே போனாங்க" என்றார். "இப்ப உன் முறை. போய் உக்காரு. சாப்பிட்டியா?"

"இல்ல."

"முடிச்சுட்டுச் சாப்பிடு."

மன்றத்தில் சொல்வதற்கு முன்னால் சொல்லவேண்டிய ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தான் என்ன சேர்த்தாள் என்பதை ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. இந்த வரியை எவனாவது அவள் சமையலறைக்குக் கொண்டு வந்திருந்தால் கிழித்துக் கையில் கொடுத்திருப்பாள்.

பேசாமடந்தை அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏன்க்கா? நான் சொன்னது பத்தலையா?"

"பத்தும்மா. எனக்குத்தான் பத்தல."

"என் விரலு போனதுல உங்களுக்கு என்னக்கா அழகு?"

இத்தனை வருடமாக எல்லாரையும் கேள்வி கேட்டவள், அன்றைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "இப்ப உள்ள போய் அத எடுத்துடறேன்" என்று மட்டும் சொன்னாள். பேசாமடந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாரும் திரும்பி உட்கார்ந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே கத்தரிக்கோல் எழுந்து நின்றாள்.

"மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்: தெரிந்தே நீட்டினேன் என்பதைச் சாட்சி சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் சேர்த்தார். பசி என்பதும் மொழிபெயர்ப்பாளருடையது. சாட்சி தெளிவாகப் பேசினார்."

வக்கீல் துள்ளிக் குதித்தார். ஒரே ஊர்க்காரிகள், இடைவேளையில் கூடிப் பேசி நாடகம் போடுகிறார்கள் என்றார்.

"சாட்சி பேசினது டேப்ல இருக்கு" என்றாள் கத்தரிக்கோல், விதியை மறந்து. "தமிழ் தெரிஞ்ச யாருக்கு வேணும்னாலும் போட்டுக் காட்டுங்க. அந்தச் சொல்லு அதுல இல்ல."

நடுவர் அப்படியே செய்தார். வெளியூரில் இருந்த வேறொரு உரைபெயர்ப்பாளரைப் போனில் பிடித்து, சாட்சி முதலில் பேசிய பதிவை ஓடவிட்டார். மறுமுனையில் இருந்த மனிதர் கேட்டுவிட்டு, கொட்டாவி விடாத குறையாக, நாலே வாக்கியம்தான், தெரிந்தே என்று ஒன்றும் இல்லை என்றார். போனை வைத்ததும் நடுவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உங்க மேல புகார் போகும். தெரியுமில்ல?"

"போகட்டும். கார்டைச் சாயங்காலம் கழட்டித் தர்றேன். அவங்க பேச்சு இன்னும் முடியல. அத முடிக்க விடுங்க."

அவள் உட்காரவே இல்லை. இவள் வேண்டாம், வேறு ஆளை வைத்து இன்னொரு நாள் நடத்தலாம் என்றார் வக்கீல். சாட்சியின் விருப்பம் என்ன என்று கேட்கச் சொன்னார் நடுவர். தன்னை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியைத் தானே தமிழில் கேட்கவேண்டிய நிலைமை கத்தரிக்கோலுக்கு. கேட்டாள்.

பேசாமடந்தை யோசித்தாள். "இன்னொரு நாளெல்லாம் முடியாது. இவங்களே இருக்கட்டும். இனிமே ஒரு சொல்லு கூட்ட மாட்டாங்க, பயம் வந்துருச்சு."

கத்தரிக்கோல் அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள், 'பயம் வந்துவிட்டது' உட்பட. பின் வரிசையில் மெக்கானிக் சிரிப்பை அடக்கினார்.

நடுவர் மறுபடி முதலிலிருந்து கேட்டார். அட்டை சிக்கியது. எடுக்கக் கையை விட்டேன். மூடி இல்லை. மெஷின் கையை இழுத்துக்கொண்டது. கத்தரிக்கோல் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு நிறுத்தினாள். நடுவர் இன்னும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை என்றதும், நேரே மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"மூடி எங்கே?"

பராமரிப்பு, அவ்வப்போது, வழக்கமாக என்று மேனேஜர் சுற்றி வளைத்தார். யார் கழற்றச் சொன்னது என்று நடுவர் கேட்டார். வக்கீலின் கை மேனேஜரின் சட்டைக் கையைப் பிடித்தது. நடுவரின் பார்வை மேனேஜரைத் தாண்டிப் பின் வரிசைக்குப் போனது. அங்கே மெக்கானிக் மெதுவாக எழுந்துகொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர், "நான்தான்" என்றார்.

கொஞ்ச நேரம் தம் கட்சிக்காரரோடு குசுகுசுத்துவிட்டு வக்கீல் எழுந்து, நடந்ததற்குப் பணியாளர் பொறுப்பல்ல என்பதைக் கம்பெனி ஏற்கிறது என்று ஒப்பித்தார். அதோடு பையையும் மூடினார்.

கத்தரிக்கோல் சொன்னாள்: "நடந்ததுக்குப் பணியாளர் பொறுப்பில்லன்னு கம்பெனி ஏத்துக்குது."

பேசாமடந்தை எழுந்து நின்றாள். "பணியாளர்னா யாரு? அங்க எத்தனையோ பேரு வேலை பாக்குறாங்க. என் பேரச் சொல்லிச் சொல்லணும். வக்கீல் இல்ல, அவரு."

கட்டுப்போட்ட கையால் மேனேஜரைக் காட்டினாள். கத்தரிக்கோல் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அவள் சொன்ன அதே குரலில் சொன்னாள். எல்லாம் பதிவாகிவிட்டது, இனி அது அவசியமில்லை என்றார் வக்கீல். அதையும் தமிழில் சொன்னாள்.

"சொல்ற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்."

"சொல்லும் வரை நான் உட்கார மாட்டேன்" என்றாள் கத்தரிக்கோல். இரண்டு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவர் மேனேஜரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவரும் எழுந்தார். பேசாமடந்தையின் பெயரைப் பாதி விழுங்கிச் சொன்னார்.

"அது என் பேரு இல்ல."

மேனேஜர் மறுபடி முயன்றார். அதுவும் தப்பு. அவள் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள். இந்தத் தடவை அவர் சரியாகச் சொன்னார். தப்பு அவள் மேல் இல்லை என்றார். மூடியைக் கழற்றச் சொன்னது நான் என்றும் சொன்னார். கத்தரிக்கோல் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை பேசாமடந்தை கண் இமைக்கவில்லை.

"நாளைக்கு என் பையன்கிட்டயும் இதையே சொல்லணும். எல்லாரும் வேலை பாக்குற இடத்துல, என் பேரச் சொல்லி."

கத்தரிக்கோல் மொழிபெயர்த்தாள். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

"தலையாட்டினா டேப்ல விழாது" என்றாள் பேசாமடந்தை.

அதையும் அப்படியே சொன்னாள் கத்தரிக்கோல். மேனேஜர் நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "சொல்கிறேன்" என்றார்.